'ஃபர்ஹா' படத்தில் வருவதெல்லாம் நடந்ததா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு உட்கார்ந்து, 1948-இல் பாலஸ்தீனர்கள் வீடிழந்ததைப் பற்றிய 'ஃபர்ஹா' படத்தை நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருக்கிறீர்கள். அவள் அழுதிருக்கிறாள், நீங்களும் கலங்கிப் போயிருக்கிறீர்கள். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உறவினர் ஒருவர், "அதெல்லாம் ஜோடனை, அந்த மக்கள் ரேடியோவில் சொன்னதைக் கேட்டுத் தாங்களாகவே கிளம்பிப் போனவர்கள்" என்று ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். மகளோ "அந்தக் குழந்தை நிஜமாவே செத்துச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதற்கு "உண்மைக் கதையா, பிரசாரமா?" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். மகளிடம் எதை அடித்துச் சொல்லலாம், எதை "இப்படியும் இருக்கலாம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன்.

கல்லூரியில் பல வருடங்களாக மேற்கு ஆசிய வரலாறு நடத்துகிறேன். எனக்கு அரபியும் தெரியாது, ஹீப்ருவும் தெரியாது. 1948 பற்றிய ஆவணங்களை ஆங்கில மொழிபெயர்ப்பிலும், அவற்றைத் தோண்டிப் படித்தவர்களின் நூல்கள் வழியாகவும்தான் அறிவேன். அந்த வரம்புக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவும் தெரிந்துவிடும், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1948, இஸ்ரேல் நாடு உருவான ஆண்டு. பாலஸ்தீனத்தில் ஒரு கிராமம். ஊர்த் தலைவரான முக்தாரின் மகள் ஃபர்ஹாவுக்கு 14 வயது. தோழி ஃபரீதாவைப் போல நகரத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஊர் அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிறது. அப்பா தயங்கித் தயங்கிக் கடைசியில் படிக்க அனுப்பச் சம்மதிக்கிறார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் ஊர்மேல் குண்டு விழுகிறது. தோழியின் குடும்பத்தோடு காரில் தப்பியிருக்க வேண்டியவள், அப்பாவை விட்டுப் போக மனமில்லாமல் இறங்கி ஓடி வந்துவிடுகிறாள். அவர் அவளை வீட்டுச் சரக்கறைக்குள் வைத்துப் பூட்டி, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதன்பின் படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே அறைக்குள் நடக்கிறது. தானியமும் ஊறுகாய் ஜாடிகளும் அடுக்கிய இருட்டறை. வெளியே நடப்பதைக் கதவிடுக்கு வழியாகவும் சுவரில் உள்ள சின்னத் துளை வழியாகவும்தான் அவள் பார்க்கிறாள். அவள் உள்ளே இருக்கும்வரை கேமராவும் வெளியே போவதில்லை.

அதுதான் இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள முக்கியமான விஷயம். வகுப்பில் வாய்மொழிச் சாட்சியங்களை எடுக்கும்போது மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இவர் எங்கே நின்று பார்த்தார், அங்கிருந்து எவ்வளவு தெரிந்திருக்கும்?" என்பதுதான். பல வரலாற்றுப் படங்கள் இந்தக் கேள்விக்கு நழுவிவிடும். தளபதியின் கூடாரத்துக்குள்ளும் போவார்கள், அமைச்சரவைக் கூட்டத்துக்குள்ளும் போவார்கள். 'ஃபர்ஹா' அப்படிச் செய்யவில்லை. ஒரு சிறுமியின் கண்ணுக்கு ஒரு விரற்கடை அகலத்தில் தெரிந்தது இது, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று படமே சொல்லிவிடுகிறது. அதனால் இடுக்கு வழியே தெரிவதைச் சாட்சியமாகச் சோதிக்க வேண்டும். இடுக்குக்கு வெளியே இருப்பதை வேறு இடத்தில் தேட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு சண்டை.

முதலில் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எழுதி இயக்கிய தாரின் சல்லாம் ஜோர்டானைச் சேர்ந்தவர், பாலஸ்தீனப் பூர்வீகம் கொண்டவர். இது அவரது முதல் முழுநீளப் படம். 1948-இல் இப்படிச் சரக்கறையில் பூட்டப்பட்டுத் தப்பிய ரதிய்யா என்ற பெண், பிறகு சிரியாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இயக்குநரின் அம்மாவிடம் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். அம்மா அதை மகளிடம் சொன்னார். மூடிய இருட்டறை என்றாலே தனக்குச் சின்ன வயதில் பயம் என்றும், அதனாலேயே அந்தப் பெண்ணின் கதை தன்னை விடவில்லை என்றும் சல்லாம் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, ரதிய்யாவிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து மகள், மகளிடமிருந்து திரைக்கதை என்று மூன்று கை மாறி வந்த கதை இது. பூட்டப்பட்ட சிறுமி, திரும்பி வராத அப்பா, சிரியா வரை போன பயணம் ஆகியவை அந்தப் பெண்ணின் கதையிலிருந்து வந்தவை என்று சொல்லலாம். ஃபரீதா என்ற தோழியையும், ஊஞ்சலையும், முற்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு வசனத்தையும் அப்படியே ரதிய்யாவின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மைச் சம்பவத்தைத் தழுவிய படம் என்றால் பொருள் அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. முற்றத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓடி வந்த ஒரு குடும்பம் அந்த வீட்டில் ஒதுங்குகிறது. கணவன், நிறைமாத மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். அங்கேயே பிரசவம் ஆகிறது. ஃபர்ஹா உதவிக்கு அழைக்கிறாள், ஆனால் அவள் வெளியே வருவதற்குள் ஹகானா படையினர் வந்துவிடுகிறார்கள். ஹகானா என்பது இஸ்ரேல் அரசு அமைவதற்கு முன்பிருந்த யூத ஆயுதப் படை. 1948 மே மாதக் கடைசியில் அதுதான் இஸ்ரேல் ராணுவமாக மாறியது. குடும்பத்தைச் சுவரோரம் நிறுத்திச் சுடுகிறார்கள். பிறந்த சிசுவைக் கொல்ல, தோட்டாவை வீணாக்காதே என்ற கட்டளையோடு, ஓர் இளம் சிப்பாய் விடப்படுகிறான். அவனால் முடியவில்லை. குழந்தையின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஃபர்ஹா சரக்கறையில் கிடைத்த துப்பாக்கியால் பூட்டைச் சுட்டு வெளியே வரும்போது குழந்தை உயிரோடு இல்லை.

இந்தக் குடும்பம், இந்த முற்றம், இந்தச் சிசு என்று ஒரு குறிப்பிட்ட ஊரையும் தேதியையும் காட்ட முடியாது. படமும் ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. ஆகவே "இந்தக் குழந்தை நிஜமா?" என்றால், இது படத்துக்காக அமைக்கப்பட்ட காட்சி என்று மகளிடம் சொல்லலாம். "இப்படியெல்லாம் நடந்ததா?" என்று அவள் அடுத்துக் கேட்டால் பதில் வேறு. ஜெருசலேம் அருகே தைர் யாசீன் கிராமத்தில் 1948 ஏப்ரல் 9 அன்று இர்குன், லெஹி என்ற யூதத் தீவிரக் குழுக்கள் நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. இதை எந்தத் தரப்பு வரலாற்றாசிரியரும் இன்று மொத்தமாக மறுப்பதில்லை, எண்ணிக்கையிலும் எப்படி நடந்தது என்பதிலும்தான் சர்ச்சை. ஹெப்ரானுக்கு மேற்கே தவாய்மா கிராமத்தில் 1948 அக்டோபர் 29 அன்று நடந்தது படத்தில் வரும் காட்சிக்கு இன்னும் நெருங்கியது. அந்த ஊருக்குள் போன சிப்பாய் ஒருவர் சொன்னதை ஷப்தாய் கப்லான் என்ற இஸ்ரேலியர் அடுத்த மாதமே ஓர் இடதுசாரிப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதினார். குழந்தைகளைத் தடியால் மண்டையில் அடித்துக் கொன்றார்கள் என்று அதில் இருக்கிறது. கடிதத்தின் முழு வடிவத்தை 2016-இல் இஸ்ரேலின் ஹாரெட்ஸ் நாளிதழ் வெளியிட்டது. அந்தச் சமயத்தில் இஸ்ரேல் அமைச்சரவையிலேயே இத்தகைய செயல்கள் பேசப்பட்டன. 1948 நவம்பர் 17 கூட்டத்தில் விவசாய அமைச்சர் அஹரோன் சிஸ்லிங், யூதர்களும் நாஜிகளைப் போல நடந்துகொண்டார்கள் என்று நொந்து பேசியது பதிவாகியிருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கப்லான் நேரில் பார்த்தவரில்லை, கேட்டதை எழுதியவர். அவருக்குச் சொன்ன சிப்பாயும் ஊர் கைப்பற்றப்பட்ட பிறகு உள்ளே போனவர்தான். தவாய்மாவில் கொலைகள் நடந்தன என்பது உறுதி. ஒவ்வொரு விவரமும், செத்தவர்களின் எண்ணிக்கையும் அதே அளவு உறுதியில்லை. அதோடு, அது நடந்தது போரின் பிற்பகுதியில், ராணுவம் முறையாக அமைந்த பிறகு. ஹகானா என்ற பெயர் இருந்த காலத்தில் நடக்கும் கதையாகப் படம் வைத்திருப்பதால், 'ஃபர்ஹா' தவாய்மாவின் கதை என்று சிலர் இணையத்தில் எழுதுவது பொருந்தாது.

படத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சிசுக் காட்சிகூட இல்லை. முகத்தை மூடிக்கொண்டு படையினரோடு வரும் அந்த ஆள்தான். அவன் உள்ளூர்க்காரன், காட்டிக்கொடுப்பவன். கதவுக்குப் பின்னால் இருப்பது ஃபர்ஹா என்று கண்டுகொள்கிறான், ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. தங்கள் துயரத்தைச் சொல்லும் படத்தில், தங்களுக்குள்ளேயே இருந்த காட்டிக்கொடுத்தவனை நடு முற்றத்தில் நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. முகமூடி போட்ட ஆளை வரிசைக்கு முன்னால் நடத்திக் கூட்டிப்போய் "இவன், இவன்" என்று தலையாட்ட வைக்கும் பழக்கம் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ்காரர் காலத்திலிருந்தே, 1936 முதல் 1939 வரை நடந்த அரபுக் கிளர்ச்சியை ஒடுக்கியபோதே உண்டு. 1948-இலும் அது தொடர்ந்தது. எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் பிரசாரப் படம் என்றால் இந்தப் பாத்திரம் தேவையே இல்லை. அதே சமயம் கட்டளையிடும் அதிகாரிக்கு ஒரு முகமும் கொடூரமும் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தோட்டா வசனம் எனக்குக் கொஞ்சம் நாடகமாகப்பட்டது.

அப்புறம், பலரும் "மெதுவாகப் போகிறது" என்று தாண்டிவிடும் முதல் அரைமணி நேரம். அதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துப் பாலஸ்தீனத்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைப்பது அபூர்வம். அரசு திறந்த கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆண்பிள்ளைகளுக்கானவை. மேலே படிக்க வேண்டுமானால் நகரத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு வசதியும் வேண்டும், மனமுள்ள அப்பாவும் வேண்டும். ஃபர்ஹாவின் ஆசை இந்த நிலைமைக்குள் சரியாகப் பொருந்துகிறது. முக்தாரின் மகள் என்பதால் அவளால் ஆசைப்படவாவது முடிகிறது. ஒரு நாடு போனதை எண்ணிக்கையில் சொல்வதற்கும், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பெண்ணின் பள்ளிக்கூடம் போனதாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மகளுக்கு நம்மைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

சரி, இடுக்குக்கு வெளியே வருவோம். உங்கள் உறவினர் சொன்ன ரேடியோ விஷயம் ரொம்பப் பழையது. அரபுத் தலைவர்கள் "ஊரைக் காலி செய்யுங்கள், ஜெயித்ததும் திரும்பி வரலாம்" என்று ஒலிபரப்பினார்கள் என்பது பல காலம் இஸ்ரேலின் அதிகாரபூர்வ விளக்கமாகவே சொல்லப்பட்டது. அந்த வட்டாரத்து வானொலிகளை 1948 முழுக்க பிபிசி கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தது. எர்ஸ்கின் சைல்டர்ஸ் என்ற பத்திரிகையாளர் அந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் ஒலிபரப்புகூட இல்லை என்று 1961-இல் எழுதினார். பாலஸ்தீன வரலாற்றாசிரியர் வலித் காலிதியும் அதே முடிவுக்குத்தான் வந்தார். இதைவிட வலுவானது இஸ்ரேல் ராணுவ உளவுப் பிரிவு 1948 ஜூன் கடைசியில் தன் உபயோகத்துக்காகத் தயாரித்த அறிக்கை. அதுவரை வெளியேறியவர்களில் ஏறத்தாழ 55 சதவீதம் பேர் தங்கள் படை நடவடிக்கைகளாலும், 15 சதவீதம் பேர் இர்குன், லெஹி குழுக்களின் நடவடிக்கைகளாலும் போனார்கள் என்றும், அரபுத் தலைமையின் உத்தரவால் போனவர்கள் சுமார் 5 சதவீதம் என்றும் அது கணக்குப் போட்டிருந்தது. இதை 1980-களில் எடுத்து விவாதித்தவர் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மோரிஸ். பாலஸ்தீனர் பக்கம் சாய்ந்தவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள்.

உறவினர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சில ஊர்களில் பெண்களையும் குழந்தைகளையும் முன்கூட்டியே அனுப்பிவிடும்படி உள்ளூர்த் தலைவர்களே சொன்னார்கள். படத்தில் ஃபரீதாவின் குடும்பம் காரில் கிளம்புவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஹைஃபாவில் 1948 ஏப்ரலில், நகரம் யூதப் படையிடம் விழுந்த கையோடு, உள்ளூர் அரபுத் தலைவர்கள் வெளியேற முடிவெடுத்தபோது யூத மேயரே இருக்கச் சொல்லிக் கெஞ்சியதும் பதிவில் உண்டு. ஆனால் அதை வைத்து முழுக் கதையையும் எழுத முடியாது. அதே ஆண்டு ஜூலையில் லித்தா, ரம்லா ஆகிய இரண்டு ஊர்களிலிருந்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். உத்தரவில் கையெழுத்திட்ட இட்சாக் ராபின் பின்னாளில் பிரதமரானார். அவர் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதிய பகுதியை இஸ்ரேலியத் தணிக்கை வெட்டிவிட்டது. 1979-இல் அது நியூயார்க் டைம்ஸில் வந்துவிட்டது.

மொத்தக் கணக்கில் சண்டை குறைவு. 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை இழந்தார்கள். 400-க்கு மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாமல் போயின, அவற்றில் பல இடித்துத் தள்ளப்பட்டன. திரும்பி வர விரும்புபவர்களை அனுமதிக்க வேண்டும் என்று 1948 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை 194-ஆம் தீர்மானம் போட்டது, அது நடக்கவில்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் பாலஸ்தீனர்கள் நக்பா, பேரழிவு என்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடம் வேறு: இது முன்கூட்டித் திட்டமிட்ட வெளியேற்றமா, போரின் போக்கில் விளைந்ததா என்பது. 1948 மார்ச்சில் ஹகானா வகுத்த 'திட்டம் தாலெத்' என்ற போர்த் திட்டத்தை வைத்து, திட்டமிட்டதுதான் என்கிறார்கள் காலிதியும் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் இலான் பாப்பேயும். அப்படி ஒட்டுமொத்தத் திட்டம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் களத்தில் பல வெளியேற்றங்கள் நடந்தன, திரும்ப விடவும் இல்லை என்கிறார் மோரிஸ். என் சாய்வைக் கேட்டால், திட்டத்தைப் பற்றிய வாதத்தைவிட, திரும்பி வரவிடாமல் தடுத்த முடிவுதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. அந்த முடிவு 1948 கோடையிலேயே எடுக்கப்பட்டது, அதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

படம் காட்டாதவையும் உண்டு. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியதும் இரு தரப்பும் மோதத் தொடங்கின. (அந்தத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.) 1948 ஏப்ரல் 13 அன்று ஜெருசலேமில் யூதர்களின் ஹதாசா மருத்துவமனைக்குப் போன வாகன வரிசையை அரபுப் படையினர் தாக்கியதில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டாக்டர்களும் நர்சுகளும் அவர்களில் உண்டு. மே 13 அன்று கஃபார் எட்சியோன் குடியிருப்பில் சரணடைந்த யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மே 15 முதல் அண்டை அரபு நாட்டுப் படைகள் உள்ளே வந்தன. அந்தப் போரில் யூதர் தரப்பில் சுமார் 6,000 பேர் செத்தார்கள், அது அவர்கள் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர். இவை எதுவும் ஃபர்ஹாவின் கதவிடுக்கில் தெரிய வாய்ப்பில்லை, ஆகவே படத்தின்மேல் அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 1948 தெரியும் என்று மகள் நினைத்துவிடக் கூடாது.

படத்தைச் சுற்றி எழுந்த சத்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். ஆஸ்கருக்கு ஜோர்டான் இதைத்தான் அனுப்பியது. 2022-இல் ஆசிய பசிபிக் திரை விருதுகளில் சிறந்த இளையோர் படமாகத் தேர்வானது. இந்தக் காலமெல்லாம் பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை. 2022 டிசம்பர் 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தபோதுதான் புயல் அடித்தது. இஸ்ரேல் நிதியமைச்சராக இருந்த அவிக்டோர் லீபர்மன் கண்டித்தார். படத்தைத் திரையிட்ட யாஃபா நகரத்து அல் சராயா அரங்குக்கு அரசு நிதியை நிறுத்தவும் உத்தரவிட்டார். சந்தாவை ரத்து செய்யச் சொல்லிப் பிரசாரம் நடந்தது, இணைய மதிப்பீட்டுத் தளங்களில் கூட்டமாகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். மகள் அங்கே நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துக் குழம்பினால், அந்த எண்களுக்குப் படத்தோடு பெரிய சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது? என் மகளாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "ஒரு பெண் அப்படி அடைபட்டுக் கிடந்ததாகத் தானே சொல்லியிருக்கிறார், அவருடைய அப்பா திரும்பவே இல்லை. அந்தக் குழந்தை வரும் காட்சியைப் படம் எடுத்தவர்கள் அமைத்தார்கள். ஆனால் அந்த வருஷம் சில ஊர்களில் குழந்தைகள் கொல்லப்பட்டது நிஜம்." அதற்கு மேல் அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அந்தச் சிப்பாய் ஏன் துணியைப் போட்டுவிட்டுப் போனான் என்று அவள் கேட்கக்கூடும். அதற்குப் பதில் எந்த ஆவணத்திலும் கிடைக்காது, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

அடுத்து என்ன பார்க்கலாம் என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆன்மரி ஜாசிர் 2012-இல் எடுத்த 'வென் ஐ சா யூ' படத்தைப் பாருங்கள். 1967 போருக்குப் பின் ஜோர்டானில் அகதி முகாமில் அம்மாவோடு இருக்கும் தாரிக் என்ற சிறுவன், அப்பாவையும் ஊரையும் தேடிக் கிளம்பிவிடும் கதை. அதில் வெயில் இருக்கிறது, திறந்த வெளி இருக்கிறது, அந்தப் பையனின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிக்கவும் இடம் இருக்கிறது. 'ஃபர்ஹா' பார்த்த சூட்டோடு வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்.